ஞாயிற்றுக்கிழமை அப்பா

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்று எந்த ஊர்ப் பரோட்டாக் கடையானாலும் ஞாயிறு சாயங்காலம் இவரைப் பார்க்கலாம். தேய்த்த சட்டை, பையில் வாரச் சம்பளம், இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை, நாலடி பின்னால் மனைவி. உட்கார்ந்ததும் பிள்ளையைத் தரையில் இறக்கிவிடுவார். இலையில் எண்ணெய்ப் பரோட்டா விழுந்த பிறகு, தமக்கொரு பிள்ளை இருப்பதே மறந்துபோகும். அது பக்கத்து இலைச் சால்னாவில் கையை விட்டால், "சின்னப் பிள்ளைதானே அண்ணாச்சி" என்பார். ரொம்பப் படுத்தினால் சப்ளையரைக் காட்டி, "மாமா பிடிச்சிட்டுப் போயிருவாரு" என்று மிரட்டுவார். தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஓடும் அந்த மனிதருக்குச் சம்பளமில்லாத போலீஸ் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

பிள்ளை கத்துவதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். 2016இல் இண்டிகோ விமானத்தில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இடம் தராத அமைதிப் பகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். ஆகாயத்துக்கு அது சரி. கொத்துப் பரோட்டா போடுகிற கடையில் எந்தப் பிள்ளை கத்தி யார் காதில் விழப்போகிறது? பயப்பட வேண்டியது அடுப்புக்கு. இந்தப் பக்கத்தில் பரோட்டாவைச் சும்மா வாட்டி எடுப்பதில்லை. கல்லில் எண்ணெயைத் தேக்கி, அதில் பொரிக்கிறார்கள். அந்தக் கல்லும் பெரும்பாலும் கடை முகப்பிலேயே, போகிற வருகிற வழியில் கொதிக்கிறது. நம்மவரோ பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். தீப்பெட்டி கூடாது, செல்போன் கூடாது, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று ஆறு நாள் விதிகளுக்கு நடுவே இருப்பவர். உரசல் என்றாலே உஷாராகிற மனுஷன், ஏழாம் நாள் சொந்தப் பிள்ளையை எண்ணெய்க் கல்லுக்குப் பக்கத்தில் ஓடவிட்டு செல்போனைத் தடவுகிறார்.

"அதட்டி வளர்க்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. இவருடைய செல்லத்துக்கு நியாயமான காரணம் உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்கள் வேலை பார்த்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே 1996இல்தான். குச்சி அடுக்கிய கைகளின் பேரப்பிள்ளை கொஞ்சம் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டால்தான் என்ன, துடைத்தால் போயிற்று. "ஒரு ராத்திரியாவது அந்தப் பெண் அடுப்பு மூட்டாமல் இருக்கட்டுமே" என்பது அதைவிட வலுவான வாதம். அதற்காகத்தான் குடும்பமே கடைக்கு வருகிறது, வரவும் வேண்டும். ஆனால் அங்கே என்ன நடக்கிறது? அவர் நாலாவது பரோட்டாவுக்குக் கை காட்டும்போது, அந்த அம்மா சீனி தொட்டுப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார், கை கழுவும் குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிறதைத் துரத்திப் பிடிக்கிறார், கடைசியில் ஆறி விறைத்த பரோட்டாவைப் பிய்க்கிறார். வீட்டில் சமைத்திருந்தால் சூடாகவாவது சாப்பிட்டிருப்பார்.

ஆகவே அண்ணாச்சி, வருகிற ஞாயிறு பிள்ளையைக் கல்லுக்கு எட்டாத உள் மேசையில் உட்காரவையுங்கள். முதல் இலையை உங்கள் வீட்டம்மாவுக்குப் போடச் சொல்லுங்கள். அவர் கை கழுவி வரும்வரை பிள்ளை உங்கள் மடியில் இருக்கட்டும்.