தள்ளுறதுக்கு ஆள் இருக்குதா கண்ணு?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கிப்போட்டயாமா? நேத்து உங்கம்மா போன்ல சொன்னா. அவ அழுத அழுகைக்கு நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். காருதான்னு தெரிஞ்ச பொறவுதான் தண்ணியே குடிச்சேன்.

போட்டோவும் பாத்தேன். 1967ல செஞ்ச வண்டி, உங்கம்மாவை விட மூத்தது. அம்பாசிடர் கல்கத்தாக்காரன் சரக்கு, பியட்டு பம்பாய்க்காரன் சரக்கு, இது மெட்ராசுச் சரக்கு. இங்கிலீசுக்காரன் ட்ரையம்ப் ஹெரால்டுன்னு பேரு வெச்சதை வண்டலூர்ப் பக்கம் பேக்டரி போட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு வித்தாங்க. பொண்ணெடுத்தாலும் பக்கத்துச் சீமையில எடுத்திருக்கற, அந்த மட்டுக்கும் சந்தோசம். அதுல ஒண்ணு எனக்கு ரொம்பப் புடிக்கும். மூக்கைப் புடிச்சுத் தூக்குனா மூடியும் ரெண்டு பக்க மட்கார்டும் ஒண்ணாச் சேந்து முன்னால கவுந்துக்கும். முன்சக்கரத்து மேல சவுரியமா உக்காந்து எஞ்சினை நோண்டலாம். இந்த எஞ்சினை அடிக்கடி, ரொம்ப நேரம் பாக்க வேண்டி வரும்னு செஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்குது, உனக்குத்தான் தெரியல.

அது போகட்டும். ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. தள்ளுறதுக்கு ஆள் வெச்சிருக்கறயா?

சிரிக்காத. பழைய வண்டி பெட்ரோல்ல ஓடுதுன்னு புஸ்தகத்துல எழுதியிருப்பான். நாலு பேரு தள்ளுனாத்தான் பெட்ரோலுக்கே வேலை வரும். நான் அம்பாசிடர் வெச்சிருந்த காலத்துல, காலையில சோக்கை இழுத்துவிட்டு, ஹேண்டிலை மூக்குல சொருகி, ஒரு சுத்து சுத்துவேன். அதுக்கொரு முறை இருக்குது. கட்டைவெரலை மத்த நாலு வெரலோட ஒரே பக்கமா வெச்சுத்தான் புடிக்கோணும். பூண் மாதிரி சுத்திப் புடிச்சீன்னா, எஞ்சின் பின்னால உதைக்கறப்ப மணிக்கட்டு பேந்துக்கும். மேக்கால தோட்டத்துக்காரன் கல்யாணத்தன்னைக்கு அப்படித்தான் கையில மாக்கட்டோட மணவறையில உக்காந்திருந்தான். தாலிய அவுங்கக்கா கட்டி விட்டுது.

ஹேண்டிலுக்கும் மசியலைன்னா ரெண்டாம் கியர்ல போட்டு, கிளச்சை மிதிச்சுக்கிட்டு, ‘தள்ளுங்கடா’ன்னு ஒரு சத்தம். களை வெட்டறவன், பால்காரன், பள்ளிக்கோடம் போற பசங்கன்னு எங்கிருந்துதான் வருவாங்களோ, வந்துருவாங்க. வண்டி உருண்டதும் கிளச்சை விட்டா ஒரு குலுக்குக் குலுக்கிக் கெளம்பும். பின்னாடி இருக்கறவன் மூஞ்சியெல்லாம் கரிப்புகை. நான் கையாட்டிட்டே போயிருவேன்.

நீ இருக்கறது சரவணம்பட்டியில பதினோராவது மாடி. எதுத்த கதவுக்காரன் பேரு என்னன்னு கேட்டா லிப்டைப் பாக்கற. ஞாயித்துக்கெழமை காலையில கீழ எறங்கி ‘தள்ளுங்க’ன்னு நின்னீன்னா, மேல இருந்து முன்னூறு பேரு வீடியோ எடுப்பான். ஜிம்முக்குப் போற பையன் ஒருத்தன் கீழ வருவான், தோள்பட்டை இத்தாசோடு இருக்கும். அவனை நம்பாத. பனியன் அழுக்காயிரும்னு ஒதுங்கிக்குவான். அதனால இன்னைக்கே வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் குடுக்க ஆரம்பி. இஸ்திரி போடறவரு, தண்ணி லாரிக்காரரு, எல்லாத்துகிட்டயும் ஒரு வார்த்தை பேசி வை. ரிப்பேரு வர்ற வரைக்கும் காத்திருந்து பழகுனா அவிய கண்டுபுடிச்சுக்குவாங்க.

மலைக்குக் கொண்டு போற உத்தேசம் இருக்குதா? கல்லாறு தாண்டி ஏத்தத்துல மொனகிட்டுப் போறப்ப, சூட்டுல பெட்ரோல் பம்புக்குள்ளயே ஆவியாயிப் போயி வண்டி நின்னுக்கும். ஈரத்துணிய அந்தப் பம்பு மேல சுத்தி வெச்சுப்போட்டு, பர்லியாறுக் காத்துல கம்முனு உக்காந்துக்கோணும். ரேடியேட்டர் மூடிய மட்டும் அவசரப்பட்டுத் தெறந்துராத, கொதிதண்ணி மூஞ்சியிலயே அடிக்கும். நாங்க குன்னூருக்குக் காருல போறோம்னு சொல்லிட்டுப் போவம். பாதி நேரம் ரோட்டோரம் பலாப்பழம் தின்னுட்டு வழியில போறவங்ககிட்டப் பழமை பேசிட்டிருப்பம். உங்கமுச்சி ரெண்டு சம்மந்தம் அங்கதான் பேசி முடிச்சா.

கெவுருமென்ட்டு கூட இப்ப உன்ற பக்கம் இருக்குது. 2021ல ஒரு விதி போட்டுட்டாங்க. அம்பது வருசம் தாண்டி, செஞ்சப்ப இருந்த மாதிரியே இருக்கற வண்டிக்கு விண்டேஜ்னு தனியாப் பதிவு. நம்பர்ல ‘விஏ’ன்னு எழுத்து வரும். புதுசாப் பதியறதுக்கு இருவதாயிரம், பத்து வருசத்துக்குச் செல்லும். எனக்கு எம்பத்தஞ்சு ஆச்சு, செஞ்சப்ப இருந்த பல்லு ரெண்டு இன்னும் இருக்குது, ஒருத்தனும் ஒரு நம்பர் குடுக்கல. அந்த விதியில இன்னொன்னு இருக்குது. அப்படிப் பதிஞ்ச வண்டிய தெனத்துக்கும் ஓட்டப்படாது. கண்காட்சிக்குப் போலாம், ஊர்வலத்துக்குப் போலாம், பெட்ரோல் போடப் போலாம், ரிப்பேருக்குப் போலாம். ரிப்பேருக்குப் போலாம்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க பாத்தியா? ஹெரால்டு வெச்சிருந்தவன் எவனோ டில்லியில உள்ள உக்காந்து எழுதியிருக்கறான்.

அதுக்காக பழைய காரு கெளப்புக்காரங்க முன்னாடி போயி ‘என்ற விண்டேஜ் காரு’ன்னு மாரத் தட்டிராத. அவிய கணக்குல 1919ல இருந்து 1930க்குள்ள செஞ்சதுதான் விண்டேஜ். உன்றதைப் பாத்து, நேத்துப் பொறந்த குழந்தைன்னு கன்னத்தைக் கிள்ளிட்டுப் போயிருவாங்க. தள்ளாமத் தொடைக்காம ஆசை தீரப் பாக்கோணும்னா அவிநாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு பேர்ல இருக்கறவிய கார் மியூசியமே வெச்சிருக்கறாங்க. டிக்கெட் வாங்குனாப் போதும். எண்ணெயும் ஒழுகாது, பொண்டாட்டியும் பேசமாட்டா.

பொண்டாட்டின்னதும் ஞாபகம் வருது. அந்தப் புள்ளகிட்ட வெலை எவ்வளவுன்னு சொன்ன? உள்ளதைச் சொல்லீரு சாமி. வண்டியே அறுபதாயிரந்தான்னு சொல்லிப்போட்டு, பொறவு புதுப்பேட்டையில இருந்து நாப்பதாயிரத்துக்கு ஸ்பேர் வந்து எறங்குனா அவ கணக்குப் போட மாட்டாளா? பட்டி பாத்துப் பெயின்ட் அடிக்கறவன் பில்லு அதுக்கும் மேல. டிங்கர் ‘அடுத்த வாரம்’ம்பான். எந்த வருசத்து அடுத்த வாரம்னு கேட்டுக்க.

ரேஸ் பைத்தியம் வேற புடிச்சிருக்குது உனக்கு. அது நம்ம மண்ணு வாகு, உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். நூல் லோடு லாரியில மெட்ராஸ் போனப்ப சோழவரம் ரேஸ் நானே பாத்திருக்கறேன். ரெண்டாம் உலக யுத்தத்துல வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் எறக்கப் போட்ட ஓடுபாதை அது. யுத்தம் முடிஞ்சு ப்ளேன் போயிருச்சு, காரு வந்துருச்சு. இப்ப நீ கண்ணாடியாட்டம் தொடைச்சு வெச்சிருக்கற ஹெரால்டு, பியட்டெல்லாம் அங்க சீட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டுக் கர்ஜனையோட ஓடும். வெயில்ல கூட்டம் அப்படியே நிக்கும். ரப்பர் கருகற வாசம் ரெண்டு நாளைக்கு வேட்டியில இருந்துச்சு, உங்கமுச்சி அதை ஊறவெச்சுத் தொவைச்சா.

அங்க ஓட்டுனவிய பட்டியல்ல நம்ம கோயமுத்தூர் எஸ். கரிவரதன் பேரு முக்கியம். ரேஸ் பணக்காரன் வெளையாட்டுன்னு எல்லாருஞ் சொல்லிட்டிருந்தப்ப, அந்த மனுசன் 1988ல மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒத்தை ஆள் உக்காரற ரேஸ் வண்டி செஞ்சுட்டாரு. 796 சிசி, மூணே சிலிண்டர். தம்பதியும் ரெண்டு குழந்தையும் மருதமலைக்குப் போற எஞ்சின். அதைக் கொண்டுபோயித் தரையோட தரையா வெச்சு ஓட விட்டாரு பாரு, பார்முலா மாருதின்னு, அதுல பழகித்தான் ஒரு தலைமுறைப் பசங்க ரேஸ் கத்துக்கிட்டாங்க. 1995ல விமான விபத்துல போயிட்டாரு. செட்டிபாளையத்து டிராக்குக்கு அவரு பேரைத்தான் வெச்சிருக்கறாங்க. அந்தப் பக்கம் போனா ஹாரனை ஒருக்கா அடிச்சுட்டுப் போ. ஹாரன் வேலை செஞ்சா.

நாராயண் கார்த்திகேயனும் நம்மூர்ப் பையந்தான். 2005ல அமெரிக்காவுல நடந்த பார்முலா ஒன்னுல நாலாவதா வந்தான். கேலி பேசறவன் ஒருத்தன் இருக்கறான் டீக்கடையில. இருவது வண்டியில பதினாலு டயர் தகராறுல ஒதுங்கிக்கிச்சு, ஆறுதான் ஓடுச்சு, அதுல நாலாவதுங்கறான். நான் கேட்டேன், நீ சைக்கிள்ல பல்லடம் போயி எத்தனை நாளாச்சுன்னு. டயர் சரியில்லாதவன் வீட்ல இருந்தான், டயர் நல்லா இருந்தவன் ஓடுனான், அஞ்சு பாயின்ட் எடுத்தான். இந்தியாக்காரன் எடுத்த மொதப் பாயின்ட் அது. 2011ல டில்லிக்குப் பக்கத்துல இதே பார்முலா ஒன் வந்தப்ப, மொத நாள் பிராக்டிசுல ஒரு நாயி குறுக்க ஓடி மொத்த வண்டியையும் நிறுத்திப்போட்டுச்சு. காசு குடுக்காம டிராக்குல எறங்குனது அது ஒண்ணுதான்.

அந்த ரேஸை ராத்திரி முழிச்சுப் பாக்கறயே, ஒரு வண்டி உள்ள வந்து நின்னதும் எத்தனை பேரு மேல விழுகறாங்கன்னு எண்ணிப் பாத்தயா? தூக்கறவன், தாங்கறவன், நட்டுக் கழட்டறவன், சக்கரம் மாட்டறவன்னு இருவது பேரு. 2023ல மெக்லாரன்காரன் 1.80 செகண்டுல நாலு சக்கரத்தையும் மாத்தி அனுப்பிச்சான். ஓட்டறவன் பேரு டிவியில வருது. மிச்சம் இருவது பேரு ஹெல்மட்டோட நிக்கறான். நான் சொல்றது அங்கயும் அதேதான் கண்ணு. அவன் சம்பளத்துக்கு வெச்சிருக்கறான், நான் மோருக்கு வெச்சிருந்தேன்.

டிவியும் அந்த வகைதான். பழைய டிவி தேடிட்டுத் திரியறயாமா? மெட்ராஸ்ல தூர்தர்சன் 1975ல ஆகஸ்ட் பதினஞ்சுக்கு வந்துருச்சு. நமக்கு வந்து சேர எத்தனையோ வருசம் ஆச்சு. தெக்கத்திச் சீமையில இருந்த உன்ற சின்னப் பாட்டி வீட்ல கம்பத்தை வானத்துக்கு நட்டு, பூஸ்டர் வெச்சு, இலங்கைக்காரன் ரூபவாஹினியப் புடிச்சுட்டிருந்தாங்க. சிங்களத்துல செய்தி கேட்டுத் தலையாட்டுவாங்க. இங்க டிவி வந்த அன்னைக்கு உங்க மாமனைக் கூரை மேல ஏத்துனேன். அவன் ஆன்டெனாவைத் திருப்புவான், ‘தெரியுதா?’ம்பான். வாசல்ல ஒருத்தன் ‘இல்லை’ம்பான், உள்ள இருந்து ஒருத்தி ‘தெரியுது, விடாத, அப்படியே நில்லு’ம்பா. அப்படியே நின்னான். ஒளியும் ஒலியும் அரைமணி நேரமும் அவன் மேலதான். பாட்டு கேட்டுச்சு, படம் பாக்கல. வெள்ளிக்கெழமையானாக் காணாமப் போயிருவான் பொறவெல்லாம்.

கலருக்கு வழியில்லைன்னு கறுப்பு வெள்ளைக் கண்ணாடி முன்னாடி கலர்ப் பிளாஸ்டிக் ஒண்ணு வாங்கி மாட்டுனோம். மேல நீலம், கீழ பச்சை. சிவாசி பக்கத்துல வந்தா நெத்தி நீலம், தாடை பச்சை. சோகக் காட்சியில கூட உங்கமுச்சி சிரிச்சுப்போடுவா. 1987ல ராமாயணம் வந்துச்சு, இந்தியில. ஞாயித்துக்கெழமை காலையில இந்த வாசல் நெறையச் சனம். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியாது. கதை தெரியும், போதாதா? முக்கியமான எடத்துல ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’னு ஒரு பலகை வரும். அதையும் எந்திரிக்காமப் பாத்தோம்.

நீ இப்பப் பழைய டிவி வாங்கி மாடியில ஆன்டெனா நட்டா காக்கா வந்து உக்காரும், படம் வராது. அந்தப் பழைய ஒளிபரப்பை அனேகமா எல்லா ஊர்லயும் நிறுத்திட்டாங்க. செட்டாப் பாக்ஸுல இருந்து மாடுலேட்டர்னு ஒரு டப்பி வெச்சு ஆன்டெனா ஓட்டைக்குள்ள சொருகுனாத்தான் உண்டு. இன்னொன்னு, பின்மூடியக் கழட்டிக் கைய விட்டுராத. பிளக்கைப் புடுங்குன பொறவும் பிச்சர் டியூப்புல பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல பதுங்கியிருக்கும். தெரிஞ்சவன் மண்ணுக்கு எறக்கிப்போட்டுத்தான் தொடுவான்.

இவ்வளவு வெவரம் இந்தக் கெழவனுக்கு எப்படின்னு பாக்கறயா? அட்டாலியில ஒரு சாலிடேர் கெடக்குது கண்ணு. மெட்ராஸ்ல செஞ்சது, மரப்பெட்டி, ரெண்டு பக்கமும் இழுத்து மூடற கதவு, பூட்டு, சாவி என்ற அரைஞாண்ல. அந்த நீலப் பச்சை பிளாஸ்டிக்கும் உள்ளயே இருக்குது. முந்தாநாள் திருப்பூர்ல இருந்து ஒருத்தன் வந்து பதினஞ்சாயிரம்னான். ஒரம்பரைக்குள்ள வெலை பேசறது எனக்குப் புடிக்காது, நீ பன்னெண்டு குடு. வயிறு எரியாமக் குடு. உங்கமுச்சி உள்ளதான் இருக்கறா, அவ கேட்டா ரெண்டாயிரம்னு சொல்லிப்போடு.