மொட்டை மாடி இல்லாதோர் கவனத்திற்கு

இலவசம் என்றதும் “என்ன விலை?” என்று கேட்கத் தெரியாதவர் இந்த நாட்டில் பிழைக்கத் தெரியாதவர். 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்த வீட்டுச் சோலார் திட்டத்துக்கு ‘முஃப்த் பிஜ்லி யோஜனா’ என்று பெயர். முஃப்த் என்றால் இலவசம். பிஜ்லி என்றால் மின்சாரம். ஒரு கோடி வீடுகள், மாதம் 300 யூனிட் வரை, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது. கொட்டேஷன் கைக்கு வந்த பிறகுதான் வியர்க்கிறது.

அந்த 300 யூனிட் தேற வேண்டுமானால் மூன்று கிலோவாட் வைக்க வேண்டும். அரசே அதற்குப் போட்ட மதிப்பு 1,45,000 ரூபாய். கம்பெனிக்காரர் நேரில் வந்து, மாடியைச் சுற்றிப் பார்த்து, ஸ்டாண்டு உயரத்துக்குத் தனி, ஒயருக்குத் தனி, எர்த்திங்குக்குத் தனி என்று எழுதி முடிக்கும்போது அது இரண்டு லட்சத்தை எட்டிப் பார்க்கும். மானியம் 78,000. அதுவும் பேனல் ஏறி, மீட்டர் மாறி, அதிகாரி வந்து பார்த்துப் போன பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை அரசுக்கே கைமாற்று கொடுத்தவர் நீங்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கையில் காசு இல்லையா? வங்கி கொடுக்கும். ஈடு வேண்டாம், வட்டியும் குறைவு. மாதாமாதம் தவணையைக் கட்டினால் போதும். சித்தாள் வேலைக்குப் போகிறவர் எதைக் கொண்டுபோய்க் கட்டுவார், காய்த்துப்போன கையையா?

சரி, பணத்தைப் புரட்டியாகிவிட்டது. இனி வெயில் வேண்டுமே? நம் ஊரில் அதற்கா பஞ்சம்! பஞ்சம் பத்திரத்துக்குத்தான். வீடு சொந்தமாக இருக்க வேண்டும். கூரை காங்கிரீட்டாக இருந்தால் நல்லது. நிழல் விழாத இடம் ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும்.

இந்த 300 சதுர அடியை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 2011-ல் தமிழக அரசு ஏழைகளுக்குப் பசுமை வீடு கட்டித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து சோலார் விளக்கோடு தந்த அந்த வீட்டின் மொத்தப் பரப்பு 300 சதுர அடி. ஆக, ஒரு ஏழைக் குடும்பம் சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்று, பிணம் கிடத்த அரசு அளந்து வைத்த இடமும், பேனல் கால் நீட்டிப் படுக்கக் கேட்கும் இடமும் ஒன்று. அதிலும் பேனலுக்குக் காற்றோட்டம் அதிகம்.

இந்த முஃப்த் பிஜ்லியால் யாருக்கு லாபம்? பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டிவி இருக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும். அதில் 100 யூனிட் 2016-லிருந்தே இலவசம். மிச்சத்துக்குச் சொற்பத் தொகைதான் கட்டுவார்கள். இவர்கள் சோலார் வைத்தால், போட்ட பணம் திரும்பப் பல வருடம் காத்துக் கிடக்க வேண்டும்.

எதிர் வீட்டில் மூன்று ஏசி. இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட். 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் 11 ரூபாய்க்கு மேல். இவர் மாடியில் மூன்று கிலோவாட் ஏறினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 700 யூனிட் கழியும். அதுவும் உச்சாணி ஸ்லாபிலிருந்து கழியும். மூன்று நான்கு வருடத்தில் முதல் கைக்கு வந்துவிடும். பில் 500 யூனிட்டுக்குள் இறங்கிவிட்டதா, சின்னக் குடும்பங்களுக்கென்று வைத்த மலிவு ஸ்லாபிலும் இவர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். எரிக்க எரிக்க மானியம், அணைக்க அணைக்க அபராதம். திட்டம் எழுதியவன் கையிலேயே ஏசி ரிமோட்டும் இருந்தால் இப்படித்தான் எழுதுவான்.

வைத்தவர்களுக்காவது நிம்மதி உண்டா? கரன்ட் போனால் மானியச் சோலாரும் சேர்ந்து படுத்துவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது, காரணம் நியாயமானதுதான். ஆனால் விற்க வருகிறவர் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார். சித்திரை மாத உச்சி வெயிலில், தலைக்கு மேல் இரண்டு லட்சம் ரூபாய் பேனல் தகதகக்க, கீழே குடும்பத்தோடு விசிறிமட்டையால் வீசிக்கொள்ளும் பாக்கியம் வேறெந்த நாகரிகத்துக்கு வாய்த்தது? பேட்டரி வைத்தால் விளக்கு எரியும். பேட்டரிக்குக் காசு தனி.

வரிக் கதையையும் கேளுங்கள். 2021 அக்டோபரில் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீதச் சுங்க வரி. உள்நாட்டுப் பேனல் வைத்தால்தான் மானியம். அதன் விலையோ கூடுதல். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியைப் பழைய 5-க்கே இறக்கினார்கள். அதற்குப் பெயர் பண்டிகைப் பரிசு. நம் பாக்கெட்டிலிருந்து எடுத்ததை நமக்கே மொய் எழுதும் மாமன்கள்.

வெயிலை விற்றுப் பிழைக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வைத்த அதானி குழுமத்தோடு 2015-ல் தமிழக மின்வாரியம் ஒப்பந்தம் போட்டது: யூனிட் 7.01 ரூபாய், 25 வருடத்துக்கு. 2019-ல் வீட்டு மாடியிலிருந்து மிஞ்சி வரும் யூனிட்டுக்கு விலை வைத்தார்கள்: 2.28 ரூபாய். சோலார் விலை இறங்கிவிட்டதாம். உண்மைதான். அந்த இறக்கம் மாடிப்படி ஏறி நம் வீட்டுக்கு வரத் தெரிந்துகொண்டது. கமுதிக்கு மட்டும் வழி மறந்துவிட்டது.

கடைசியாக, எங்கள் தெருக் கதை. ஒரு மூன்று மாடி வீடு. உச்சியில், மொட்டை மாடி மூலையில், ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்கா பத்து வருடமாகக் குடியிருந்தார். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினார் ஓனர். அந்த 100 இலவச யூனிட் எந்தப் பாக்கெட்டில் விழுந்தது என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் இல்லை. கேட்டால் வேறு வீடு பார்க்க வேண்டும்.

கேட்காமலே பார்க்க வேண்டி வந்தது. சோலார்காரர் மாடிக்கு வந்து அளந்தார். ஷீட் அறையின் நிழல் மதியத்துக்கு மேல் பேனலில் விழுமாம். துணிக்கொடியும் இடைஞ்சலாம். ஓனர் கணக்குப் போட்டார். அக்கா தரும் வாடகையும் பேனல் மிச்சப்படுத்தும் பில்லும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பேனல் தண்ணீர் கேட்காது. பேனலைத் தேடி ஊரிலிருந்து தம்பி வர மாட்டான். பேனலுக்கு அரசு 78,000 தருகிறது. அக்காவைக் குடிவைத்தால் ஒரு பைசா தருமா?

அவர் காலி செய்த அன்று நண்பகல். ஸ்டவ், இரண்டு குடம், பீரோ, வெயிலில் பாதி காய்ந்த வடகத் தட்டு. அவர் வாழ்நாளில் சொந்தமாக வைத்திருந்த ஒரே சோலார் சாதனம் அந்தத் தட்டுத்தான். எல்லாவற்றையும் மினி வேனில் ஏற்றிவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றார்.

மாடியிலிருந்து சோலார்காரர் வானத்தைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்: “நல்ல வெயில் சார். இன்னிக்கு மட்டும் பன்னெண்டு யூனிட் வந்திருக்கும்.”