ஆர்.டி. 350-க்கு ஒரு கட்டம் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ராஜ்தூத் 350 வண்டியின் நான்காவது உரிமையாளர் (ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் இரண்டாமவர் பெயர்தான் இருக்கிறது).

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: இளமையும் போய், தொன்மையும் எய்தாமல், சொன்ன பேச்சும் கேளாத ஒரு மோட்டார் சைக்கிளுக்குத் தங்கள் படிவங்களில் ஒரு கட்டம் ஒதுக்கக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மனுதாரர் நல்ல நினைவோடுதான் இம்மனுவை எழுதுகிறார். வண்டியின் விவரத்தைப் படித்ததும் தங்களுக்கு முதலில் எழப்போகும் சந்தேகம் அதுவாகத்தான் இருக்கும் என்பதால் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறார். அவர் வீட்டாருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. வண்டியை டெம்போவில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிய அன்றே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

வண்டியின் பூர்வீகம் வருமாறு. ஃபரிதாபாத் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்தோடு 1983-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ராஜ்தூத் 350. ஓட்டுகிறவர்கள் வாயில் அது என்றைக்கும் ஆர்.டி.தான். 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், 30.5 குதிரைத்திறன். திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350 நெடுஞ்சாலையின் பெரிய மனிதராக உலா வந்த காலம் அது. புல்லட்டின் திறன் 18. அதற்கு மேல் ஒரு வண்டி இருக்க முடியும் என்று யோசித்தே பார்க்காத நாட்டில், அதைவிட இலகுவான, ஒன்றரை மடங்குக்கும் மேல் பலமுள்ள வண்டியைச் சுமார் 18,000 ரூபாய்க்குக் கையில் கொடுத்தார்கள். வாங்குகிறவருக்குத் தேவைப்பட்டவை பணமும் ஓட்டுநர் உரிமமும் மட்டுமே. அந்த உரிமத்துக்காக அவர் எட்டுப் போட்டுக் காட்டியது அநேகமாக ஒரு மொபெட்டில்.

சும்மா கொடுத்துவிடவில்லை, வைத்தியம் பார்த்த பிறகே கொடுத்தார்கள். 1973-இல் ஜப்பானிலிருந்து புறப்பட்டபோது அந்த வண்டிக்கு 39 குதிரைத்திறன். அமெரிக்காவுக்குப் போனவற்றில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் இருந்தது. இந்தியாவுக்கு வரும்போது, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று மூச்சுக்குழலை நெரித்து எட்டரைக் குதிரைகளை இறக்கிவிட்டார்கள். ஏழை நாட்டில் அது நியாயம்தான். ஆனால் அதே கையோடு டிஸ்க்குக்குப் பதில் டிரம்மை மாட்டினார்கள். வேகத்தில் காட்டிய கஞ்சத்தனத்தை நிற்பதிலும் காட்டிய அந்தப் பொறியியல் முடிவுக்கு இன்றுவரை ஒரு விசாரணைக் கமிஷன்கூட வைக்கப்படவில்லை என்பதை மனுதாரர் வருத்தத்தோடு சுட்டிக்காட்டுகிறார். அதே 1983-இல் ஐரோப்பாவில் யமஹா, தண்ணீரால் குளிரும் புதிய ஆர்.டி.யை விற்றுக்கொண்டிருந்தது. நமக்கு வந்தது, வெளிநாட்டில் 1975-லேயே ஓய்வு கொடுக்கப்பட்ட அதன் அண்ணன்.

அப்படியும் மைலேஜ் போதவில்லை. சில ஆண்டுகளில் 27 குதிரைத்திறனுக்கு இறக்கி இன்னொரு ரகம் விட்டார்கள். பழையது எச்.டி. (ஹை டார்க்), புதியது எல்.டி. (லோ டார்க்) என்று ஆயிற்று. இன்றைக்கும் விற்கிறவர் 'எச்.டி.' என்று சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். சொல்லப்படுபவற்றில் எத்தனை உண்மையான எச்.டி. என்பது சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கிற மெக்கானிக்குக்கே வெளிச்சம்.

இனி நடத்தைச் சான்று. நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை ஆர்.டி. பரம சாது. கறிகாய் வாங்கப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம். அதற்கு மேல் கொஞ்சம் இருமல், கொஞ்சம் தயக்கம். முள் 5,000-ஐத் தாண்டியதும் பின்னாலிருந்து மாடு முட்டியது போல வண்டி பாயும். முன்சக்கரம் கனமிழந்து, திருப்பினால் திரும்புவதா வேண்டாமா என்று யோசிக்கும். முதல் முறை ஓட்டுகிறவர் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுவார். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் இன்ஜினே கொஞ்சம் பிடித்து இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த உதவி மிகச் சொற்பம். வேகம் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் குறையும். அந்த நொடியில்தான் அவர் பிரேக்கை நினைப்பார்.

பிரேக்கைப் பற்றி மனுதாரர் அவதூறு சொல்ல விரும்பவில்லை. முதல் இரண்டு தடவை அது நன்றாகவே பிடிக்கும். மூன்றாவது தடவைக்குள் டிரம் சூடேறி விரிந்துவிடும். லிவர் கைப்பிடி வரைக்கும் வரும், வண்டி அதன் பாட்டுக்குப் போகும். முன் டிரம்மின் இரண்டு ஷூக்களும் முன்னோக்கி உருளும் சக்கரத்தைக் கவ்வுவதற்கென்றே அமைந்தவை. அதனால் ஏற்றத்தில் போக்குவரத்து நின்று வண்டி பின்னோக்கி உருண்டால், முன் பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் அரை மனதாகத்தான் பிடிக்கும். பின்னால் வருகிற ஆட்டோக்காரரிடம் இந்த இயந்திரவியலை விளக்க அவகாசம் இருப்பதில்லை.

1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. ஒரு லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம். ஆர்.டி. அந்த லிட்டருக்கு 20, 25 போனால் அன்று நல்ல நாள். கணக்குத் தெரிந்த மக்கள் கணக்குப் பார்த்தார்கள். 1990 வாக்கில் ஆர்.டி.யின் கதை முடிந்தது. பல வண்டிகள் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று துருப்பிடித்தன, பல எடைக்குப் போயின.

அங்கேயே விட்டிருந்தால் அமைச்சகத்துக்கு இந்த மனு வந்திருக்காது. எடைக்குப் போனது போக மிஞ்சியவற்றுக்கு இன்றைய விலை லட்சங்களில். ராஞ்சியில் மகேந்திர சிங் தோனி சேர்த்து வைத்திருக்கும் வண்டிகளிலும் ஓர் ஆர்.டி. உண்டு. சென்னையில் ஒருவர் ஆர்.டி. வாங்கிவிட்டார் என்றால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் எழுதி வைக்கப்பட்டுவிட்டன என்று பொருள். கிராங்க் சீல் தேய்ந்தால் காற்று உள்ளே புகும். பெட்ரோல் கலவை மெலிந்து இன்ஜின் தானாகவே அலறும், கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் இறுகிவிடும். இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும், இரண்டு பாயின்ட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். இதையெல்லாம் காதால் கேட்டே சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகளின் வயதும் அறுபதைத் தாண்டுகிறது. அவர்கள் போன் எடுக்காத நாளில் மனுதாரருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. கரும்பு விவசாயிக்கு நல்லது என்பதை மனுதாரர் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருடத்து ரப்பர் குழாய்கள் விவசாயக் கொள்கையை அறியா.

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

பதினைந்து வருடம் முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தைத் தாங்கள் 2022 ஏப்ரலில் 1,000 ஆக்கினீர்கள். அப்போது மனுதாரர் முணுமுணுக்கவில்லை, அந்தப் பணம் ஒரு கிளட்ச் பிளேட்டுக்குக்கூடப் போதாது. புகைப் பரிசோதனையிலும் தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை மன்னிப்பு உண்டு. பின்னால் வந்த ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு அதில் பாதிதான். நாட்டின் மூத்த குடிமக்களில் இவ்வளவு சலுகை பெற்றவர் வேறு யாரும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எந்தப் புது வண்டியையும் ஏ.பி.எஸ். இல்லாமல் விற்கக்கூடாது. ராயல் என்ஃபீல்டின் இன்றைய கிளாசிக் 350-க்கு 20 குதிரைத்திறன், 195 கிலோ எடை, டிஸ்க், ஏ.பி.எஸ். எல்லாம் உண்டு. ஆர்.டி.க்கு 30 குதிரைத்திறன், அதைவிட நாற்பது கிலோவாவது குறைவு, ஒரு கம்பி, இரண்டு ஷூ. மூன்றாம் நபர் காப்பீட்டில் இரண்டும் 150 முதல் 350 சி.சி. என்ற ஒரே பந்தியில் உட்கார்கின்றன, பிரீமியமும் ஒன்றே. சி.சி.யை அளக்கத் தெரிந்த சட்டத்துக்குச் சுபாவத்தை அளக்கக் கருவி இல்லை.

சரி, உயிர்மேல் ஆசை கொண்ட ஓர் உரிமையாளர் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. டிஸ்க் மாட்டுவது மாற்றமா, திருத்தமா, பிராயச்சித்தமா? 1973-இல் யமஹா மாட்டி, 1983-இல் எஸ்கார்ட்ஸ் கழற்றியதைத் திரும்ப மாட்டினால் அது எந்தக் கணக்கில் சேரும்? ஆய்வாளருக்கு ஆய்வாளர் பதில் மாறும் இக்கேள்விக்கு எழுத்தில் ஒரு விடை வேண்டும் என்பதே மனுதாரரின் முதல் கோரிக்கை. டிரம்மோடு இருக்கும்வரை வண்டி சட்டப்படி அசல், நிற்கக் கற்றுக்கொண்டால் சந்தேகத்துக்குரியது என்ற நிலை சரியில்லை.

தொன்மை வண்டிகளுக்காகத் தாங்கள் 2021-இல் கொண்டுவந்த விதிகளையும் மனுதாரர் ஆவலோடு படித்தார். ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். முதல் ஆர்.டி. அந்தத் தகுதியை 2033-இல் பெறும். பதிவுக்கு 20,000 ரூபாய், அதாவது 1983-இல் முழு வண்டியின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். சேசிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் நடந்திருக்கக்கூடாது. நான்கு முறை போரிங் செய்து, பிஸ்டனைப் பெரிதாக்கிக்கொண்டே வந்த சிலிண்டரைப் பார்த்து ஆய்வாளர் என்ன சொல்வாரோ. அத்தனையும் தாண்டிச் சான்று கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். பெட்ரோல் போடலாம் என்ற அனுமதி ஒன்றே போதும், லிட்டருக்கு இருபது போகும் வண்டிக்கு அதுவே தினசரிப் பயணம்.

'இவ்வளவு கஷ்டப்பட்டு இதை ஏன் ஓட்ட வேண்டும்?' என்று தாங்கள் கேட்பது நியாயம். வேகம் என்று பதில் சொன்னால் அது பொய். 2013-இலிருந்து கே.டி.எம். 390 டியூக் கிடைக்கிறது. வந்தபோதே 43 குதிரைத்திறன், பிரேக் பிடித்தால் நிற்கும், திருப்பினால் திரும்பும். எந்தப் பந்தயத்திலும் அது ஆர்.டி.யைச் சிரிக்காமலே முந்தும். பழம்பெருமை என்றாலும் பாதிதான் உண்மை. இன்று ஆர்.டி. தேடி அலைபவர்களில் பலர் அது கடையில் விற்றபோது பிறக்கவே இல்லை.

விஷயம் வேறு. புது வண்டி, ஓட்டுகிறவர் செய்கிற தவறைச் சொல்லாமலே திருத்திவிடும். மூடி மறைத்து, கடைசியில் 'நன்றாக ஓட்டினீர்கள்' என்று அனுப்பியும் வைக்கும். ஆர்.டி. திருத்தாது. கியரை அரை நொடி தாமதித்தால் பலம் அறுந்து விழும், முந்தினால் இன்ஜின் மறுபடி இருமும். ஒரு வளைவை அதில் ஒழுங்காக எடுத்துவிட்டால் அந்தப் பெயர் முழுக்க ஓட்டியவருக்குத்தான். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் பந்தயம் பார்த்தவர்கள், ஜெயித்தது எந்த வண்டி என்று சொல்வதில்லை, யார் ஓட்டியது என்றே சொல்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல், அலுவலகத்திலும் வீட்டிலும் யாரும் எதையும் முழுதாகத் தன்னிடம் ஒப்படைக்காத ஒரு மனிதருக்கு இது எவ்வளவு பெரிய போதை என்பதை அமைச்சகம் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது மனுதாரருக்கே தெரியும். ஓட்டுகிறவர் தெரிந்தே ஏறுகிறார். சாலையைக் கடக்கும் பெரியவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் 'என் உயிர், என் இஷ்டம்' என்ற வசனத்தை இம்மனுவில் சேர்க்கவில்லை. அதைச் சொல்லும் சக உரிமையாளர்களையும், இருபது வயதுப் பையனிடம் இந்த வண்டியை 'பிக்கப் சூப்பர்' என்று மட்டும் சொல்லி விற்கும் தரகர்களையும் மனுதாரர் ஆதரிக்கவில்லை. பழைய வண்டிகளுக்கென்று அனுமதிக்கப்பட்ட பிரேக் மாற்றங்களின் பட்டியல் ஒன்றை வெளியிடுங்கள், அதைச் சோதித்துச் சான்று கொடுங்கள், அதற்கும் கட்டணம் வாங்குங்கள். வண்டி கைமாறும்போது வாங்குகிறவரை அந்த வண்டியிலேயே ஒரு முறை எட்டுப் போடச் சொல்லுங்கள். தரகர்களின் வியாபாரம் கொஞ்சம் படுக்கும், பரவாயில்லை.

அடுத்த மாதம் மனுதாரரின் வண்டி புதுப்பிப்பு ஆய்வுக்கு வருகிறது. ஆய்வாளர் ஓட்டிப் பார்க்க விரும்பினால் மறுப்பில்லை. கிக்கரை உதைக்கும்போது கணுக்காலைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். 5,000 சுற்றுக்குக் கீழேயே வைத்து ஒரு வட்டம் அடித்துவிட்டு வரவும். மேலே போயே ஆக வேண்டும் என்று தோன்றினால், அலுவலகச் சுவர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே பிரேக்கைத் தொடவும். திரும்பி வந்த பிறகு இம்மனுவின் மீது குறிப்பு எழுதினால் போதும், அவசரமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.