திருப்பிப் போட்டுப் பாரு அப்புனு

வா அப்புனு, உக்காரு. சின்னதா, லேசா, வெல கம்மியா ஒரு லேப்டாப்பு வாங்கப் போறியாமே, உங்கமுச்சி சொன்னா. நெம்ப சந்தோசம். மூணும் ஒன்னாச் சேந்து கெடைக்கோணும்னு நெனைக்கிற பாரு, அந்தத் தைரியம் நம்ம வம்சத்துல இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் வந்ததில்லை.

போனை இப்படிக் குடு, படத்தைப் பாக்கலாம். அடடா, என்ன அழகு! வெள்ளிக் கலரு, வெரல் தண்டிகூட இல்லை. ராம் 4 ஜிபி, உள்ள 64 ஜிபி, அதுக்குப் பக்கத்துல எறும்பு எழுத்துல ‘இஎம்எம்சி’ன்னு போட்டிருக்குது. இதையே வாங்கு சாமி. வாங்குன பொறவு உனக்கு ஒரு வெசனமும் இல்லை. ராமைப் பெருசாக்கலாமா, டிஸ்கை மாத்தலாமான்னு தூக்கம் கெட்டுக் கெடக்க வேண்டியதில்லை. ரெண்டையும் பலகையோட வெச்சு ஒட்டிப்போட்டானுக. ஒன்னையும் புடுங்க முடியாது.

இஎம்எம்சிங்கிறது மெமரி கார்டோட வம்சம். போனுக்குப் போதும். விண்டோஸ் 11 வேணும்னா கொறஞ்சது 4 ஜிபி ராமும் 64 ஜிபி எடமும் வேணும்னு மைக்ரோசாப்டே சொல்லுது. உன்ற பொட்டி சரியா அந்தக் கோட்டு மேல நிக்குது, ஒரு நூல் எச்சு இல்லை. அந்த 64-ம் தொறந்து பாத்தா 60-க்குக் கீழதான் காட்டும். விக்கிறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், கம்ப்யூட்டரு 1024, 1024-ஆ எண்ணுது. அதுல விண்டோஸ் சம்மணம் போட்டு உக்காந்த பொறவு மிச்சம் இருக்கிற திண்ணையில நீ படுத்துக்கோ. பெரிய அப்டேட் வர்றப்ப ‘எடம் பத்தலை’ங்கும். அசைன்மென்ட் குடுக்காததுக்கு வாத்தியாருகிட்ட நாயமான காரணம் வேணுமில்ல, அதுக்கு ஆகும்.

ஆடியில அந்தியூரு குருநாதசாமி பண்டிகைச் சந்தைக்கு என்ற கூட வந்தியே, ஞாவகம் இருக்குதா? கொம்புக்கு வர்ணம் அடிச்சு, சலங்கை கட்டி நிறுத்தியிருந்தானுக. வெவரம் தெரிஞ்சவன் கொம்புகிட்டப் போனானா? வாயைப் பொளந்து பல்லைப் பாத்தான். லேப்டாப்புக்குப் பல்லு அடியில இருக்குது அப்புனு. திருப்பிப் போட்டுப் பாரு. ஸ்குரூ இருக்குதா, மூடி கழலுதா, கழட்டுனா உள்ள மாத்துற மாதிரி ஏதாவது இருக்குதா? மூஞ்சியைப் பாத்து வெல பேசறவனுக்குத்தான் சந்தையில டீ வாங்கிக் குடுப்பானுக.

ஆடு மேய்ச்ச கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு சிரிக்கிற. சிரி, சிரி. உங்கக்காளுக்குப் பன்னெண்டாவதுல கவர்மெண்டு குடுத்த லேப்டாப்பு இன்னைக்கும் ஓடுதே, எப்படி? அது கொர்கொர்னு ஒரு ஹார்ட் டிஸ்கை வெச்சுட்டு, தொறக்கறதுக்குள்ள நான் எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வந்துருவேன். அதைக் கழட்டிப்போட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டுனேன். இப்ப அமுச்சி சீரியல் பாக்குறதே அதுலதான். அதோட பாஸ் லினக்ஸுன்னு ஒன்னு வந்துது, சென்னையில சி-டாக் காரங்க பண்ணுன நம்மூர்ச் சரக்கு. நீங்க எல்லாரும் அதை அழிச்சுப்போட்டு விஜய் படம் ஏத்துனீங்க.

சின்னப் பொட்டி என்னமோ நேத்து வந்ததுன்னும் நெனைச்சுக்காத. 2007-ல ஆசுஸ் கம்பெனி ‘ஈ பிசி 701’னு ஒன்னு விட்டான். ஏழு இஞ்சு திரை, ஒரு கிலோவுக்குக் கீழ, ராம் 512 எம்பி. டிஸ்கு 4 ஜிபி, அது பலகையோட ஒட்டுனது. ஆனா பாரு, அடியில ஒரு குட்டி மூடி இருந்துது. அதைக் கழட்டி ராமை 2 ஜிபி ஆக்கிக்கலாம். அவ்வளவு நோஞ்சானுக்கே அந்த மரியாதை இருந்துது. அதைப் பாத்து எல்லாக் கம்பெனியும் நெட்புக்னு எறக்குனானுக. பொறவு மைக்ரோசாப்ட் அதுகளுக்குன்னே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்னு ஒன்னு குடுத்தான். அதுல மேசைப் படத்தை மாத்த முடியாது. காசு குடுத்து வாங்குனவன் தன்ற கொழந்தை படத்தை வெச்சுக்கக் கூடாதாம்! 2010-ல ஐபேட் வந்துது, நெட்புக்குக் கூட்டம் கலைஞ்சுது.

சரி, புதுசை உடு. அந்தக் காசுக்குப் பழசு பாரு. பழசுன்னா காலேஜுப் பசங்க உருட்டுனது இல்லை, கம்பெனிக்காரங்க ஆபீசுல வெச்சிருந்து கழிச்சது. அதுலயும் ஒரு கூத்து கேளு. லெனோவோ திங்க்பேடுல எக்ஸ்270-னு ஒன்னு, 2017-ல வந்தது. பன்னெண்டரை இஞ்சு, ஒன்னரைக் கிலோ எட்டாது. அடிமூடியைக் கழட்டுனா ராம் மாத்தலாம், டிஸ்கு மாத்தலாம். பேட்டரி உள்ள ஒன்னு, வெளிய ஒன்னு. ஆனா ஆறாவது, ஏழாவது தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதை வாசல்லயே நிறுத்திப்போடும், மொறைப்படி எட்டாவதுல இருந்துதான் உள்ள உடும். அடுத்த வருசம் எக்ஸ்280 வந்துது. அதுல எட்டாவது தலைமுறை கெடைக்கும், விண்டோஸ் வா வாங்கும். ஆனா எளைக்கிறதுக்காக ராமை ஒட்டிப்போட்டானுக. 8 ஜிபியோட வாங்குனா அதோட ஆயுசுக்கும் 8 ஜிபிதான். ஒருத்தனுக்கு வழி தொறந்திருக்குது, ஊருக்குள்ள உடமாட்டேங்கிறாங்க. இன்னொருத்தனுக்கு ஊருல எடம் இருக்குது, கதவைப் பூட்டிப்போட்டானுக.

என்னைக் கேட்டா மொதலாவதுதான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தலை முழுகிட்டான். எக்ஸ்270 மாதிரிப் பொட்டியெல்லாம் இப்ப யாருக்கும் வேண்டாத பொட்டி. வேண்டாதவன் கிட்டத்தான் வெல பேச முடியும். வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டுக்கோ, ஓசி. உன்ற காலேஜுல விண்டோஸ் மென்பொருள்தான் வேணும்னு அடம் புடிச்சா எக்ஸ்280-ஐயே பாரு, ஆனா 16 ஜிபி ஒட்டுனதா பாத்து வாங்கு.

கடைக்குப் போறப்ப வாயை மூடிக்கோ. ‘ஏ கிரேடு, புதுசாட்டம்’னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அவனே ஒட்டுனது. கீபோர்டு மேலயும் ஸ்டிக்கர் இருந்தா ஓரத்துல நகத்தை வெச்சுப் பாரு, கீழ பவுண்டுக் குறி இருக்கும், சீமையில பொழச்ச உருப்படி. பொட்டியைப் போட்ட ஒடனே பயாசுக்குள்ள போ. பாஸ்வேர்டு கேட்டா ‘அப்பொறம் எடுத்துத் தர்றனுங்’கும்பான். கும்புட்டுப்போட்டு வந்துரு. திங்க்பேடுல அந்தப் பூட்டு லேசுல கழலாது, பலகையையே மாத்தோணும். விண்டோஸ் இருந்தா கறுப்புச் சன்னலைத் தொறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ போட்டு, ஒரு எடம் உட்டு, சாய்கோட்டுக்குப் பின்னால ‘பேட்டரிரிப்போர்ட்’னு சேத்து அடி. பேட்டரி பொறந்தப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு புடிக்குதுன்னு புட்டுப் புட்டு வெச்சுரும். பாதிக்குக் கீழ இருந்தா வெலையிலயும் அதே கணக்கைப் போடு. திரை 1366-க்கு 768-ஆ, ஃபுல் எச்டியான்னும் பாத்துக்கோ. பக்கத்துல இருந்து சாஞ்சு பாரு, மூஞ்சி வெளுத்தா அது மட்டத் திரை.

மாத்துறதுல மொதல்ல எஸ்எஸ்டி, பொறவுதான் ராம். ராம் இப்ப ஆனை வெல சாமி. ஏஐக்குன்னு கட்டுற கொட்டாயிக்கெல்லாம் அள்ளிட்டுப் போறானுக, நம்மளை மாதிரி ஒத்தை வாங்கறவனைச் சீந்த ஆளில்லை. அதனால 8 ஜிபியோடவே கெடைச்சா எடுத்துக்கோ. அப்படியே வாங்குனாலும் டிடிஆர்4-ஆ பாத்து வாங்கு. டிடிஆர்3 வெட்டு வேற எடத்துல இருக்கும், எவ்வளவு அமுக்குனாலும் ஏறாது. நீ அமுக்குவ, அதான் சொல்றேன். மூடியைக் கழட்டறதுக்கு முன்ன வெளிப் பேட்டரியை உருவிப்போட்டு, பயாசுல உள் பேட்டரியையும் நிறுத்திப்போடு. அந்த மூடி ஸ்குரூ எடுத்த ஒடனே வராது, சுத்தியும் கொக்கி இருக்கும். பழைய ஏடிஎம் கார்டை உட்டு மெல்ல நெம்பு. கார்டு இல்லீன்னா உங்கமாமன் கிட்டக் கேளு, அவன் கிட்டக் காசில்லாத கார்டு நெறையா இருக்குது.

அப்பொறம் இன்னொன்னு. எஸ்எஸ்டி மாட்டுனா உள்ள இருந்த பழைய டிஸ்கைக் கடைக்காரன் ‘இது எதுக்குங் தம்பி, வெச்சுட்டுப் போங்க’ன்னு கேப்பான். குடுத்துராத. அதுக்கு ஒரு நூத்தம்பது ரூவாய்க்கு யுஎஸ்பி டப்பா வாங்கிப் போட்டு இங்க கொண்டாந்து குடு. அமுச்சி சீரியலுக்கு எடம் பத்தலைங்கறா.