நூறு வயது ஆகாத ஜாடிகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவே இருக்கிறது பாலவாக்கம். சாலைக்குக் கிழக்கே கடலைப் பார்த்து இறங்கும் தெருக்களில், மாடியில் நின்றால் அலை தெரியும் என்று சொல்லி விற்கப்பட்டு, பிறகு முன்னால் இன்னொரு மாடி எழும்பி அலை மறைந்துபோன வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டில்தான் ஜாடிக்காரர் வசிப்பார். குறிப்பிட்ட ஓர் ஆளைச் சொல்லவில்லை. இது ஓர் இனம். பொதுத்துறை நிறுவனத்திலோ வங்கியிலோ ஜெனரல் மேனேஜர் அளவுக்கு உயர்ந்து ஓய்வு பெற்றிருப்பார். பிள்ளைகள் வெளிநாட்டில், சர்க்கரை கட்டுக்குள். கூடத்தில் டிவி இருக்கவேண்டிய சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதற்குள் விளக்கு, விளக்கின் கீழே கழுத்து நீண்டும் வயிறு பெருத்தும் டர்க்காய்ஸ் நிறப் பீங்கான் பூஜாடிகள். புடவைக் கடையில் ராமர் பச்சை என்று எடுத்துப் போடுவார்களே, ஏறக்குறைய அந்த நிறம். ஒரு ஜாடியிலும் பூ இருக்காது. நம் வீடுகளில் பூ சாமிக்குப் போகும், இல்லாவிட்டால் தலைக்குப் போகும். காம்போடு தண்ணீரில் நிற்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. ஆகவே வேலையில்லாத ஜாடியும் வேலையிலிருந்து ஓய்ந்தவரும் நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இவரைப் பற்றித் தெருவில் இரண்டு கருத்து நிலவுகிறது. நண்பர்கள் பெரிய ரசிகர் என்பார்கள். வீட்டம்மா, பணத்தைக் கரியாக்குகிறவர் என்பார். இரண்டும் சரியில்லை என்பது என் கட்சி. அவருக்கு ஜாடியும் பொருட்டில்லை, நிறமும் பொருட்டில்லை, பணமும் அவ்வளவாகப் பொருட்டில்லை. அவர் சேர்ப்பது வயதை. ஜாடி என்பது வயதை ஊற்றி வைக்க ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

ஒரு ஜாடி கைக்கு வந்ததும் அவர் செய்வதைக் கவனியுங்கள். முகப்பைப் பார்க்கமாட்டார். நேரே கவிழ்ப்பார். அடிவளையத்தில் மெருகு படாமல் விட்ட மண்ணை எச்சில் தொட்ட விரலால் தடவி, ஈரத்தை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று பார்ப்பார். பிறகு காதருகே தூக்கி நகத்தால் சுண்டுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் பாட்டுக் கேட்கும் மாமா மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். அடுத்தது புற ஊதா டார்ச். ஒட்டுப்போட்ட இடம் அந்த வெளிச்சத்தில் தனியாக ஒளிரும் என்பது உண்மைதான். அதற்காகப் பட்டப்பகலில் திரைச்சீலையை எல்லாம் இழுத்துவிட்டு, ஊதா ஒளியில் அவர் குனிந்து நிற்க, பெருக்க வந்த அம்மாள் வாசலிலேயே நின்று, “சார், உள்ள வரலாமா, நாளைக்கு வரட்டுமா?” என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் கடைசியாக லென்ஸ். மெருகுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற மயிரிழை விரிசல் தென்பட்டதும் முகம் மலரும். “நூத்தம்பது வருஷம். கம்மியா சொல்றேன்” என்பார்.

இந்த இடத்தில் ரசாயனம் குறுக்கே வருகிறது. டர்க்காய்ஸ் நிறத்தைத் தருவது செம்பு. செம்பு மட்டும் இருந்தால் போதாது. மெருகில் சோடா, பொட்டாஷ் போன்ற காரம் தூக்கலாக இருக்கவேண்டும். ஈயம் கலந்த மெருகில் அதே செம்பு இலைப்பச்சையாகிவிடும். சூளையில் காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் சிவப்பாகவே மாறிவிடும். எகிப்தியர்கள் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வித்தையைப் பிடித்து மணிகளுக்கும் பொம்மைகளுக்கும் நீலம் ஏற்றினார்கள். தொல்லை எங்கே என்றால், காரம் மிகுந்த மெருகு சூட்டில் நிறைய விரிந்து, ஆறும்போது நிறைய சுருங்கும். உள்ளே இருக்கும் மண் அந்த அளவுக்குச் சுருங்காது. இழுபறியில் மெருகு விரிசல் விட்டுவிடும். இதற்கு நூறு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. சூளையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த மறுநிமிடமே ணிங், ணிங் என்று சத்தம் போட்டுக்கொண்டு விரிசல் ஓட ஆரம்பிக்கலாம். மற்ற நிறங்களைவிட இந்த நிறத்துக்குத்தான் இது அதிகம். விரிசலுக்குள் பழுப்பேறி இருக்கிறதே என்றால், தேயிலை டிகாக்‌ஷனில் ஊறவைக்கும் வைத்தியம் வியாபாரிகளுக்கு நன்றாகவே தெரியும். இதையெல்லாம் ஜாடிக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் படித்தவர். அடையாற்று நண்பர் வாங்கிய ஜாடியைப் பார்க்கும்போது காரம், சுருக்கம், டிகாக்‌ஷன் எல்லாம் ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வரும். தன் ஜாடியைக் கையில் எடுத்தால்தான் விரிசல் வயதால் வந்ததாகிவிடும்.

அடியில் இருக்கும் முத்திரைக்கும் இதே கதி. 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி வரிச்சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் குறிக்கவேண்டும் என்றது. அதனால்தான் சீன ஜாடிகளில் ‘சைனா’ என்றும் ஜப்பான் ஜாடிகளில் ‘நிப்பான்’ என்றும் ஏறியது. 1921-க்குப் பிறகு நிப்பான் போய் ‘ஜப்பான்’ வந்தது. போர் முடிந்து 1952 வரை ‘ஆக்கிரமிப்பு ஜப்பானில் செய்தது’ என்று போட்டவையும் உண்டு. ஆக, சைனா என்று ஆங்கிலத்தில் எழுதிய ஜாடி பெரும்பாலும் 1890-க்குப் பிந்தியது என்றுதான் கொள்ளவேண்டும். ஜாடிக்காரரோ அதைக் காட்டி மிங் வம்சம் வரை போய்விடுவார். மிங் மன்னர்களின் குயவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. காபி கொடுத்திருக்கிறார்கள், எப்படிக் கேட்பது?

முத்திரை இல்லாத ஜாடிக்குக் கதை வேண்டும். கதை கிடைக்கும் இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், தேக்கும் எனாமல் பாத்திரமும் ஜப்பான் டைல்ஸும் கண்ணாடிச் சாமானும் கொண்டுவந்து வீட்டை நிரப்பினார்கள். பர்மா கைவிட்டுப் போய், பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்து, வீடுகள் இடிபட்டபோது சாமான்கள் கடைக்கு வந்தன. இது நடந்த வரலாறு. அதே காலத்தில் ஜப்பானின் அவாஜித் தீவிலும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து பர்மன்டாஃப்ட்ஸ் ஆலையிலும் டர்க்காய்ஸ் மெருகுப் பூஜாடிகள் செய்து விற்றார்கள் என்பதும் உண்மை. ஆகவே ஒன்றிரண்டு செட்டிநாட்டுக்கு வந்தே இருக்கமுடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கானாடுகாத்தான் அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஜாடிகளை எல்லாம் திருப்பிக் கொண்டுபோய் அங்கே அடுக்கினால், செட்டியார் காலை நீட்டிப் படுத்திருக்க இடம் இருந்திருக்காது. கடைக்காரரிடம் விலை கேட்டால் வயதைச் சொல்வார். வயதைக் கேட்டால், “உங்களுக்குத் தெரியாததா சார்” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நம்மவர் பணம் கொடுக்கிறார்.

அவர் நிஜமாகவே நிறத்தில் மயங்கியவராக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறம்தான் வேண்டுமென்றால் வழிக்குப் பஞ்சமில்லை. உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவில் கிடைக்கும். ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்தில் கிடைக்கும். களிமண்ணே சேர்க்காமல், குவார்ட்ஸ் தூளும் கண்ணாடித் தூளும் பிசைந்து செய்வது அது. பாலவாக்கத்திலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் பாண்டிச்சேரி. அங்கே 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இரண்டு தலைமுறைக் குயவர்களை உருவாக்கியிருக்கிறது. உயிரோடு இருக்கும் கலைஞர் கையால் வனைந்த ஜாடி வாங்கலாம், அவருடனேயே பேசலாம். ஜாடிக்காரர் அந்தப் பக்கம் போகமாட்டார். போனாலும், “நல்லாத்தான் இருக்கு, ஆனா புதுசு” என்று உதட்டைப் பிதுக்குவார். அதைவிட முக்கியமான சாட்சி ஒன்று உண்டு. அவருடைய அலமாரியின் நடுத்தட்டு ஜாடி பத்து வருஷத்துக்கு முந்தைய குர்ஜா சரக்கு என்று ஒரு நாள் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் நேற்று இருந்த நிறம்தான், வளைவும் நேற்று இருந்த வளைவுதான். ஆனாலும் சாயங்காலத்துக்குள் ஜாடி வராந்தாவுக்குப் போய் அதில் குடை நிற்கும். நிறத்தைக் காதலித்தவர் இப்படிச் செய்வாரா?

முதலீடு என்று சொல்பவர்களுக்குப் பதில் இன்னும் சுலபம். அவர் இதுவரை ஒரு ஜாடியும் விற்றதில்லை. விற்கலாம் என்றாலும் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் நிற்கிறது. நூறு வயதுக்குக் குறையாத கலைப்பொருள் அந்தச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இதனால்தான் வாயால் நூத்தம்பது வருஷம் சொன்ன கடைக்காரர் பில்லில் ‘அலங்காரப் பொருள்’ என்று மட்டும் எழுதுகிறார். உண்மையான வேடிக்கை, அமெரிக்காவிலிருக்கும் மகள், “அப்பா, எனக்கு ஒண்ணு குடுங்க” என்று கேட்கும் நாளில் தொடங்கும். விமான நிலையத்தில் சிக்கல் வராமலிருக்க, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கவேண்டும். இருபது வருஷமாக ஜாடி பழையது என்று ஊரையே நம்பவைத்தவர், இப்போது அது புதியது என்று அரசாங்கத்தை நம்பவைக்க வரிசையில் நிற்கவேண்டும். சான்றிதழ் கிடைத்தால் மகளுக்கு ஜாடி கிடைக்கும், அப்பாவின் மானம் போகும். மறுத்துவிட்டால் மகளுக்கு ஏமாற்றம்; அப்பாவோ அந்த மறுப்புக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். எது நடக்கவேண்டும் என்று அவர் உள்ளூர வேண்டிக்கொள்கிறார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கட்சி, இவர்கள் இல்லாவிட்டால் நம் பாரம்பரியத்தை யார் காப்பாற்றுவது என்கிறது. பாரம்பரியம் உண்மையிலேயே இருக்கிறது, அலமாரியில் இல்லை. இராக், ஈரான் பக்கத்துச் சூளைகளில் செய்த டர்க்காய்ஸ் மெருகு ஜாடிகள் பழங்காலத்தில் இந்தியப் பெருங்கடல் முழுக்க, எண்ணெயோ பேரீச்சம்பழப் பாகோ சுமந்து, கப்பலில் போயின. அவற்றின் ஓடுகள் கேரளத்துப் பட்டணம் அகழாய்வில் கிடைத்தன. இலங்கையில் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்திலுள்ள மாந்தையில் கிடைத்தன. சீனாவின் ஃபூஜோ நகரில் 930-இல் அடக்கமான லியூ ஹுவா என்ற அரசகுலப் பெண்ணின் கல்லறையில் மூன்று ஜாடிகள், ஏறக்குறைய முக்கால் மீட்டர் உயரத்தில், முழுசாகவே நின்றன. நம் மரக்கலங்கள் போய்வந்த கடல்வழியை இந்த ஓடுகள் சொல்கின்றன. எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று எழுதிவைத்ததால்தான் சொல்கின்றன. உள்ளங்கை அகல மாந்தை ஓட்டுக்கு இருக்கிற பேச்சு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத முழு ஜாடிக்குக் கிடையாது. ஓட்டை அலமாரியில் வைக்க ஜாடிக்காரர் சம்மதிக்கவும் மாட்டார். உடைந்த பொருள் வீட்டுக்கு ஆகாது என்று அங்கே மட்டும் சாஸ்திரம் பார்ப்பார்.

இத்தனை சொன்னதால் அவரை வெறுக்கச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். கடல் உப்புக்காற்றில் கிரில் கம்பியும் ஏசியும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கும் ஊரில், துருவே பிடிக்காத ஒரு பொருளை ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதில் கொஞ்சம் புத்திசாலித்தனம் இருக்கிறது. தன்னைவிட வயதான ஏதாவது வீட்டில் இருந்தால் தான் இளையவன் என்று தோன்றும் போலிருக்கிறது. எழுபது வயதில் அதற்கு மாத்திரையைவிட ஜாடி மேல். யாருக்கும் கெடுதல் இல்லை, பெருக்கும் அம்மாளின் நெஞ்சுப் படபடப்பைத் தவிர.

ஆகவே ஜாடிக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: எந்த ஊர், எந்தக் கடை, எந்தத் தேதி. கடைக்காரர் சொன்ன கதையையும் எழுதுங்கள், கதை என்று மேலே குறிப்பிட்டு. பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்தச் சீட்டுக்கு ஜாடியைவிட அதிகப் பயன் இருக்கும். கொடுத்த விலையையும் எழுதுங்கள். வீட்டில் சொன்ன விலையை அல்ல.