ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது

உத்திரமேரூரில் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் மைக் சத்தம் கேட்டால், ஒன்று காதுகுத்து. இல்லையென்றால் ஆய்வாளர் வந்திருக்கிறார். வாசல் ஃப்ளெக்ஸில் தலைப்பு இருக்கும்: 'உத்திரமேரூர் வட்டார வரலாறு - நடந்துவரும் ஆய்விலிருந்து சில குறிப்புகள்'. போன தடவை இதே ஆள், 'முதற்கட்டக் குறிப்புகள்'. அதற்கு முந்தி 'ஓர் அறிமுகம்'. ஆய்வு நகர்கிறதோ இல்லையோ, தலைப்பு நகர்கிறது.

தோளில் ஜோல்னாப் பை, பையில் பென்டிரைவ், பென்டிரைவில் வைரஸ். புரொஜெக்டர் கைவிட்டதும், "படம் இல்லாவிட்டால் என்ன?" என்று பராந்தக சோழனிடம் போய்விடுவார். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த விதம் சொல்லும் 919, 921 இரண்டு ஆண்டுக் கல்வெட்டுகள், குடும்பு என்ற பெயரில் 30 வார்டுகள், குடத்துக்குள் பெயர் எழுதிய ஓலை, எடுத்துத் தர ஒரு சின்னப் பையன், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இதெல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற பையனுக்கே தெரியும். நீலகண்ட சாஸ்திரி 1932-லேயே எழுதியாயிற்று. பிரான்சுவா குரோவும் நாகசாமியும் 1970-இல் இந்த ஊருக்கென்றே தனி நூல் போட்டாயிற்று.

"புதுசா நீங்க கண்டுபிடிச்சது என்னா சார்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்பார்.

"அதற்குத்தான் வருகிறேன்."

அவர் வருவதற்குள் சாம்பார் வாசனை வந்துவிடும். "நேரமில்லை. நூலில் விரிவாக எழுதியிருக்கிறேன்." நூல் எங்கே கிடைக்கும்? "அச்சில் இருக்கிறது." நானறிந்த வரை நம் அச்சகங்களில் எந்நாளும் வேலை ஓயாமல் இருப்பது இவர்களால்தான்.

கலந்துரையாடல் தொடங்கியதும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்க கழனிக்கு மேற்கால ஒரு மேடு கீது சார், தாத்தா காலத்துல அதுக்கு வேற பேரு" என்பார். உடனே நோட்டு திறக்கும். ஒரு பாட்டி ஏரி மதகின் பழைய பெயரைச் சொல்வார். வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டில் இருக்கும் ஏரி அல்லவா, பேனா பறக்கும். குறுக்கே பேசாமல், தலையாட்டி, எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்வார். கேட்கத் தெரிந்தவர், அதை மறுக்க முடியாது. முடியாத ஆய்வை ஊரார் முன்னால் வைப்பதும் நல்லதுதான், ஊரார் திருத்துவார்கள். தகராறெல்லாம் நோட்டு பைக்குள் போன பிறகு. அடுத்த கூட்டத்தில் அந்த மேடு 'களஆய்வில் கண்டறியப்பட்டது' ஆகியிருக்கும். பெரியவர் 'தகவலாளி' ஆகியிருப்பார்.

919-இல் வாரியத்துக்கு வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில், 921-இல், அதை 35 முதல் 70 என்று மாற்றி, வேறு விதிகளும் சேர்த்து, மறுபடி கல்லில் வெட்டிவிட்டார்கள். அதுவும் நடந்துவந்த ஆய்வுதான். ஆனால் அச்சில் கிடக்கவில்லை.

அந்த 921 விதிகளில் ஒன்றை நம்மவர் ஒவ்வொரு கூட்டத்திலும் உணர்ச்சியோடு சொல்வார்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது. அவர் மட்டுமல்ல, சித்தி, பெரியம்மா பிள்ளைகள், மாமன், அத்தை பிள்ளைகள் வரைக்கும் தடை. சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கு இடம் விடுவார். தட்டுவார்கள். நல்லவேளை, அந்தச் சபை பிஎச்.டி.க்கு விதி எழுதவில்லை. எழுதியிருந்தால் இவரோடு இவருடைய நெறியாளர், நெறியாளரின் நெறியாளர், உடன் பயின்றோர் அத்தனை பேரும் வெளியே நின்றிருப்பார்கள்.

அடுத்த ஃப்ளெக்ஸைப் பார்த்தால் அவசியம் போங்கள். கூட்டத்துக்கு முன்னால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்துவிடுங்கள். கல்வெட்டுக் கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள். பிறகு மைக் கைக்கு வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "போன வருஷம் எழுதிக்கிட்டுப் போனீங்களே, அந்த நோட்டு எங்க சார்?"