மெதுவாகப் போகச் சொல்லும் ஃபெராரி

மணிக்கு 295 கிலோமீட்டர் பறப்பேன் என்று 1994-இல் வந்த கார் ஃபெராரி 355. சூடு ஏறினால் மட்டும் "ஸ்லோ டவுன்" என்று விளக்குப் போட்டு உரிமையாளருக்கு உபதேசம் செய்யும்.

சூடேறுவது புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளக்கில் பொறி தவறினால், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிகிறது. உள்ளிருக்கும் தேன்கூட்டு அடுக்கு உருகியோ நொறுங்கியோ போகிறது. உபதேசத்துக்கு மசியாதவருக்கு, சூடேறிய பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்கும் பெட்ரோல் நின்றுவிடும். எட்டுக்குப் பணம் கட்டியவர் நான்கில் வீடு வந்து சேர வேண்டியதுதான்.

பல சமயம் கன்வெர்ட்டர் திடகாத்திரமாகவே இருக்கும். சூட்டை அளக்கும் சென்சாரோ அதன் மின்னணுப் பெட்டியோதான் பொய் சொல்லும்.

கன்வெர்ட்டர் நிஜமாகவே போய்விட்டால் பர்ஸுக்குக் கேடு. இந்தச் சாதனங்களின் உட்பூச்சில் சேரும் ரோடியம் 2021-இல் அவுன்ஸ் 29,000 டாலரைத் தொட்டது. தங்கம் அப்போது 2,000-ஐக்கூட எட்டவில்லை. வெறும் குழாயை மாட்டினால் செலவு மிச்சம், சத்தமும் பிரமாதம். அமெரிக்கச் சாலைகளில் அது சட்டவிரோதம் என்பது சின்ன இடைஞ்சல். அதனால்தான் சில கலிபோர்னியா கேரேஜ்களில் பழைய கன்வெர்ட்டர் பரணில் தூங்குகிறது. புகைச் சோதனை நெருங்கும்போது மட்டும் கீழே இறங்குகிறது.